மற்றவர்கள் மூச்சு வாங்கும் இடம்

நோவ்லெட் வாயைத் திறந்தாள். வந்தது கார்ல்டனின் மெட்டு.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் லின்வல் டேப்பை நிறுத்தினான். ஒலிப்பதிவு அவன் வேலை. "தங்கச்சி, ஊர்ல இருக்கற எல்லார் மெட்டையும் பாடிட்ட. உன்னோடத மட்டும் காணோம்."

ஒரே தாளம், ஒரே பேஸ் கிட்டார். அதன்மேல் ஆளுக்கொரு பாட்டு. கிங்ஸ்டனில் ரெகே ரெக்கார்டுகள் பல அப்படித்தான் வரும். இந்த ரெக்கார்டில் கார்ல்டனையும் சேர்த்து ஒன்பது ஆண்கள் பாடி முடித்துவிட்டார்கள். ஒன்பதுக்கும் பின்குரல் நோவ்லெட்தான். கடைசி இடத்தைத் தயாரிப்பாளர் எகர்ட்டன் அவளுக்கென்று ஒதுக்கியிருந்தார். வருடக்கணக்காகப் பின்னால் நின்றவளின் பெயர் முதல்முறையாக ரெக்கார்டின் அட்டையில் வரப்போகிறது.

எகர்ட்டன் வாசலில் வந்து நின்றார். கையில் பன்னும் சீஸும்.

"சாயங்காலம் டேப்பு அச்சுக்குப் போகுது, நோவ்லெட். வரலைன்னா சொல்லிடு. வெறும் தாளத்த ஓடவிட்டு அந்த இடத்த நிரப்பிடறேன். சனங்க அதுக்கும் ஆடும்."

"நான் பாடறதவிட நல்லா ஆடுமோ?"

"நீ பாடினாத்தானே தெரியும்!"

அவர் சிரித்தார். அவளால் முடியவில்லை. குழாயடியில் விடியற்காலையில் குடத்தோடு நிற்கும் பெண்களைப் பற்றி வார்த்தைகள் எழுதி வைத்திருந்தாள். மெட்டுதான் பிடிபடவில்லை. அதைவிட வேறொரு பயம் இருந்தது. பக்கத்தில் நிற்பவருக்கு ஏற்றபடி ஒருநாள் கரகரப்பாக, ஒருநாள் இனிமையாகக் குரலை மாற்றி மாற்றி, அடியில் தனக்கென்று எதுவுமே மிஞ்சவில்லையோ? இத்தனை நாள் அதை எட்டிப் பார்க்க நேரமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். துணிவுதான் இல்லை.

"லின்வல் அண்ணே, தாளத்த இன்னொரு தடவை போடுங்க. நான் பாடல. சும்மா கேக்கறேன்."

பேஸ் கிளம்பியது. பாட்டின் முதல் அடி வரவேண்டிய இடத்தில் அவள் உதடுகள் தாமாகவே மூடிக்கொண்டன. முன்னால் நிற்பவரின் இடம் அது. அடி முடியும் இடம் வந்ததும், யாரும் கேட்காமலே அவள் நெஞ்சு நிமிர்ந்தது. பாடகர்கள் மூச்சு வாங்கும் இடம். ஒன்பது பேரில் ஒருவர்கூடக் கால் வைக்காத இடம். இவ்வளவு நேரமும் அவர்கள் நின்ற இடத்திலேயே நின்று பாடப் பார்த்திருக்கிறாள்.

"மறுபடி போடுங்க. இப்ப பதிவு பண்ணுங்க."

முதல் அடி போயிற்று. நோவ்லெட் பாடவில்லை.

"தூங்கிட்டாளா?" என்றார் எகர்ட்டன். லின்வல் கையை உயர்த்தி அவரை அடக்கினான்.

அப்போது அவள் புகுந்தாள். சின்னச் சின்ன வரிகள். இடையிடையே வெறும் பேஸ் மட்டும் நடந்தது. யாரோ கேட்டுவிட்டுப் போன கேள்விக்குப் பதில் சொல்வதுபோல் இருந்தது. யாருக்கு என்று அவளுக்கே தெரியவில்லை. உச்சத்தில் ஒருமுறை குரல் பிசிறியது. வேறொருவர் பாட்டாக இருந்தால் சரிசெய்திருப்பாள். அப்படியே விட்டாள்.

டேப் நின்றது.

"முன்னால ஆளே இல்லாம பின்னால ஒரு பாட்டா? யாரு வாங்குவா இத?" என்றார் எகர்ட்டன்.

"கேட்டுக்கிட்டே கையில இருக்கறத திங்க மறந்துட்டீங்களே, நீங்களே வாங்குங்க" என்றான் லின்வல்.

எகர்ட்டன் தாடியைச் சொறிந்தார். "நல்லாத்தான் இருக்கு. அந்தக் காலி இடத்துல மட்டும் ட்ரம்பெட் வச்சு அடைச்சிடலாம்."

"கூடாதுண்ணே. அது காலியா இருக்கணும்."

அவரிடம் அவள் இதற்குமுன் 'கூடாது' என்று சொன்னதேயில்லை. சொல்லிவிட்டுப் பார்வையைத் தாழ்த்தாமல் நின்றாள்.

எகர்ட்டன் லின்வல் பக்கம் திரும்பினார். "பாத்தியா, ஒரு பாட்டுதான் பாடினா, அதுக்குள்ள பாட்டுக்காரிக்கு உண்டான திமிரு வந்துடுச்சு. சரி, டேப்பச் சுத்து. அவ சொன்னபடியே போகட்டும்."