பச்சை மாறாத திரை

பிரிசில்லா அந்த எண்ணைக் கவனித்தபோது காலை மணி பத்து நாற்பத்திரண்டு. கம்ப்ரசர் அறையின் வெப்பநிலை 31.4 என்று திரையில் இருந்தது. பத்தரைக்கு டீ குடிக்கப் போகும்போதும் 31.4. யோசித்துப் பார்த்தால் ஒன்பதே முக்காலுக்கும் அதேதான் இருந்தது.

உயிரோடு இருக்கிற சென்சார் ஒரே எண்ணில் நிற்காது. 31.3 ஆகும், 31.6 ஆகும், ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஒரு மணி நேரமாக அசையாமல் இருக்கிறது என்றால் அந்த எண் இப்போதைய எண் அல்ல. பக்கத்திலேயே அந்த அறைக் காற்றில் பத்து லட்சத்துக்கு எத்தனை பங்கு அம்மோனியா என்ற அளவு: 4. அதுவும் அசையவில்லை. இரண்டும் பச்சை நிறத்தில், ஒரு குறையும் இல்லை என்பதுபோல் ஒளிர்ந்துகொண்டிருந்தன.



செங்கல்பட்டில், ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய ஒரு மருந்துக்கடையின் மாடியில் அவர்கள் அலுவலகம். மொத்தமே ஆறு பேர். ஆலைகளில் பொருத்தியிருக்கும் சென்சார்கள் நொடிக்கு நொடி அனுப்புகிற அளவுகளை வாங்கி, வந்தவுடன் சரிபார்த்து, எல்லை மீறினால் ஆலையின் அபாயச் சங்கை ஒலிக்க வைப்பது அவர்களுடைய மென்பொருளின் வேலை. வந்து குவியும் அளவுகளை மூன்று சர்வர்கள் பங்குபோட்டுக்கொள்ளும். கடப்பாக்கத்துக்குப் பக்கத்தில் கடற்கரைச் சாலையில் இருந்த இறால் ஆலையின் கம்ப்ரசர் அறை, மூன்றாவது சர்வரின் பங்கு.

அந்த ஆலையில் இறாலை உறைய வைக்க, கசிந்தால் நுரையீரலைச் சுடுகிற அம்மோனியா வாயு குழாய்களில் ஓடியது. அங்கேயே இருந்த பழைய அபாயமணி உப்புக்காற்றில் துருப்பிடித்து ஊமையாகிப் பல மாதம் ஆகிவிட்டது. இப்போது சங்கு ஒலிக்க இவர்கள் மென்பொருளை விட்டால் வேறு வழியில்லை. கம்ப்ரசர் அறையை அடுத்து, ஒரே சுவர் தள்ளி, இறால் உரிக்கிற கூடம். காலை ஷிப்டில் நூற்றுப் பதினெட்டுப் பெண்கள் அங்கே நின்று வேலை செய்வார்கள். அவர்களில் ஒருத்தி பிரிசில்லாவின் அக்கா ரெபேக்காள்.

மூன்றாவது சர்வரின் பதிவேட்டைத் திறந்தாள். சிவப்பு வரிகள் நிற்காமல் ஓடின. எல்லாம் ஒரே பிழை: கேட்ட மெத்தட் அந்தக் கிளாஸில் இல்லை.

என்ன நடந்தது என்று அவளுக்கு அப்போதே புரிந்துவிட்டது. ஓர் அளவு என்றால் அதில் என்னென்ன இருக்கும், எந்த அறை, எத்தனை மணி, எவ்வளவு என்று வரையறுத்துச் சொல்லும் கிளாஸுக்கு 'ரீடிங்' என்று பேர். அதில் புதிதாக ஒரு மெத்தடை, அதாவது அது செய்ய வேண்டிய ஒரு வேலையை, சேர்த்து, காலை ஒன்பது நாற்பதுக்குப் புதிய வெர்ஷனை ஏற்றியவள் அவள்தான். ஏற்றுவதற்கு முன் சர்வர்களின் பொது ஃபோல்டரில் கிடக்கும் பழைய 'ரீடிங்'கை அழிக்க வேண்டும். முதல் சர்வரில் அழித்தாள். இரண்டாவதில் அழித்தாள். மூன்றாவதில் அழித்துவிட்டதாக நினைத்துக்கொண்டாள். புதிய நிரல் ஒவ்வொரு அளவுக்கும் புதிய 'ரீடிங்'கைத் தேட, சர்வர் பழையதை எடுத்து நீட்டிக்கொண்டிருந்தது.

அதைவிடக் கொடுமை இன்னொன்று. பிழை வந்தால் எல்லாம் நின்று கூச்சல் போட்டிருக்க வேண்டும். ஆனால் போன வருஷம் ஒரு கெட்டுப்போன சென்சார் அடிக்கடி மொத்தத்தையும் நிறுத்துகிறது என்று, எந்தப் பிழை வந்தாலும் அந்த ஓர் அளவை மட்டும் விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போ என்று நாலு வரி எழுதியிருந்தாள். அந்த நாலு வரி இப்போது ஒரு மணி நேரமாக வந்த எல்லா அளவுகளையும் சத்தமில்லாமல் விட்டுக்கொண்டிருந்தது. திரை, கடைசியாகத் தெரிந்த எண்ணையே பச்சையில் காட்டிக்கொண்டிருந்தது.

"சார், கொஞ்சம் வாங்களேன்" என்றாள்.

பட்டாபி அவளுடைய மேலாளர். சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து தினமும் ரயிலில் வருகிறவர். நெற்றியில் வைணவர் இடும் ஸ்ரீசூர்ணம் மெல்லிய கோடாக இருக்கும். குனிந்து பார்த்தார்.

"பழைய ஃபைல் இருக்குமோ?"

"ஆமா சார். நான்தான். ஆலைக்குப் போன் பண்ணிச் சொல்லிடட்டுமா?"

"என்னன்னு சொல்லுவே? எங்க சாஃப்ட்வேர் ஒரு மணி நேரமாப் பொய் சொல்றதுன்னா? நூறு பேரை வெளியில நிறுத்திட்டு, உள்ள ஒண்ணுமே இல்லேன்னா? இது அஞ்சு நிமிஷ வேலைதானே. சரி பண்ணிட்டு, வர்ற அளவைப் பார்த்துட்டுச் சொல்லுவோம்."

அவர் சொன்னதில் நியாயம் இருப்பதுபோலத்தான் தெரிந்தது. உண்மையில், அவர் அப்படிச் சொன்னது அவளுக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

ஐந்து நிமிஷத்தில் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் குறுக்குவழியில் இறங்கினாள். பழைய ஃபைலை அழித்தால் சர்வரையே நிறுத்தித் தொடங்க வேண்டும். அதற்குப் பதிலாக, முதலில் நம் நிரலோடு வந்த கிளாஸைப் பார், அப்புறம் பொது ஃபோல்டரைப் பார் என்று ஓர் அமைப்பை மாற்றினால் போதும் என்று நினைத்தாள். கூடவே அந்த நாலு வரியையும் எடுத்துவிட்டாள். ஓட விட்டாள்.

இந்த முறை உடனே நின்றது. பிழையை இரண்டு தரம் படித்தாள்.

'ரீடிங்'கை 'ரீடிங்'காக மாற்ற முடியாது.

அதே பேர். அதே எழுத்து. இது அது இல்லை என்று இயந்திரம் சொன்னது. வந்த அளவைப் பிரித்துப் படிக்கிற பகுதி பொது ஃபோல்டரில் இருந்தது. அது பழைய 'ரீடிங்'கைச் செய்து கொடுத்தது. வாங்குகிற பகுதி புதிய 'ரீடிங்'கைக் கேட்டது. வேறு வேறு வழியாக உள்ளே வந்த இரண்டுக்கும் பேர் ஒன்றாக இருந்தும் ஒன்றை ஒன்று அறியவில்லை. வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். இப்போது 'ரீடிங்' என்று அடிக்கப்போய் மூன்று முறை தப்பாக அடித்தாள்.

மணி பதினொன்று இரண்டு. ஐந்து நிமிஷம் இருபது நிமிஷம் ஆகிவிட்டது.

ரெபேக்காள் இப்போது எங்கே நிற்பாள்? கம்ப்ரசர் அறைச் சுவரோரம் என்று ஒருமுறை சொல்லியிருக்கிறாள். "அந்தச் சுவரு கதகதனு கீது, நிக்கச் சொகமா இருக்கும்."

பிரிசில்லா செல்போனை எடுத்தாள். பட்டாபி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. அக்காவுக்கு அடித்துப் பயனில்லை. வேலை நேரத்தில் எல்லார் போனும் வாசலில் லாக்கருக்குள் இருக்கும். ஷிப்டு சூப்பர்வைசர் விஜயகுமாரிக்கு அடித்தாள்.

"மேடம், செங்கல்பட்டிலேர்ந்து பிரிசில்லா பேசுறேன். சென்சார் கம்பெனி. கூடத்துல இருக்கிற எல்லாரையும் உடனே வெளியே அனுப்புங்க."

"இன்னாம்மா சொல்றே? போர்டுல எல்லாம் பச்சையாத்தானே கீது."

"அந்தப் பச்சையை நம்பாதீங்க மேடம். ஒன்பது நாப்பதுக்கு மேல உங்க கம்ப்ரசர் ரூம்ல என்ன நடக்குதுன்னு எங்களுக்குத் தெரியாது. என் தப்புதான். கேஸ் கசிஞ்சிருந்தாக்கூட சங்கு ஊதியிருக்காது."

"கசியுதா, இல்லியா? அதைச் சொல்லு. கன்டெய்னர் வந்து நிக்குது. சும்மா நிறுத்தினா மேனேஜரு என்னைத் தின்னுடுவாரு."

"தெரியலையே மேடம்! தெரியலைன்னுதான் சொல்றேன்!"

எதிர்முனையில் பின்னால் தண்ணீர் கொட்டுகிற சத்தம், தட்டுகள் உரசுகிற சத்தம். பிறகு விஜயகுமாரியின் குரல் தணிந்து வந்தது.

"அரை மணியா ரெண்டு மூணு பொண்ணுங்க கண்ணு எரியுதுன்னு சொல்லிகினு இருந்துச்சுங்க. நான் குளோரின் தண்ணி ஜாஸ்தியாயிடுச்சுன்னு நெனச்சேன்."

பிரிசில்லா கத்தினாள். தான் கத்தியது அவளுக்கே கேட்கவில்லை. பட்டாபி சொல்லித்தான் பிற்பாடு தெரிந்தது: "எங்க அக்கா அங்க கீறா! அனுப்புங்க!" என்று கத்தினாளாம். ஆபீஸில் அவள் அப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை.

விஜயகுமாரி போனை அணைக்காமலே கத்தத் தொடங்கினாள். "ஏய், எல்லாம் கத்தியக் கீழ போடு! வெளிய போ! காத்துக்கு எதிரா போ, கேட்டாண்ட!" காலணிகள் ஈரத் தரையில் ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு தொடர்பு அறுந்தது.

இனி சரியான வழி ஒன்றுதான். மூன்றாவது சர்வரின் பொது ஃபோல்டருக்குள் போய்ப் பழைய ஃபைலை அழித்தாள். உண்மையாகவே போய்விட்டதா என்று பட்டாபியையும் பார்க்கச் சொன்னாள். அவர் ஒரு தரம் வாய்விட்டுப் படித்து, "இல்லை, போயிடுத்து" என்றார். இயந்திரத்தின் நினைவில் தங்கியிருக்கும் பழைய கிளாஸும் ஒழிய, சர்வரையே நிறுத்தித் தொடங்கினாள். காலையிலிருந்து கைவிடப்பட்ட அளவுகள், வருவதெல்லாம் சேமிக்கப்படும் வரிசையில் பத்திரமாக இருந்தன. ஒன்பது நாற்பதிலிருந்து மறுபடி படி என்று சொல்லி ஓட விட்டாள்.

ஒன்றரை மணி நேரம் அவர்கள் கண்முன் சில வினாடிகளில் ஓடியது. ஒன்பது நாற்பது: 4. பத்து ஐந்து: 8. பத்து இருபது: 22. பத்து முப்பத்தொன்றுக்கு, எல்லையான 35-ஐத் தாண்டி, 36. சங்கு ஊதியிருக்க வேண்டிய நேரம் அதுதான். பத்து நாற்பத்திரண்டுக்கு, அவள் 31.4 என்ற எண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரத்தில், 71. பதினொன்றுக்கு 190. கடைசியில் நிகழ்காலத்தை எட்டிப் பிடித்தபோது 310.

"பெருமாளே" என்றார் பட்டாபி.

இவர்கள் பக்கத்தில் திரை சிவந்தது. அதே நொடியில் கடப்பாக்கத்தில் சங்கு ஊதியிருக்கும். எல்லாரும் வெளியே வந்தாகிவிட்டது என்று மூச்சு விட்டாள். உறுதிப்படுத்திக்கொள்ள விஜயகுமாரிக்கு அடித்தாள். எங்கேஜ்டு. மறுபடி அடித்தாள். எங்கேஜ்டு. வெளியே வந்தவர்கள் லாக்கரைத் திறந்திருப்பார்கள் என்று அக்காவுக்கு அடித்தாள்.

முதல் மணியிலேயே எடுத்தாள் ரெபேக்காள். பின்னால் சங்கு அலறியது.

"இன்னாடி இது? உன் வேலையா? கண்ணு ரெண்டும் மொளகாப்பொடி போட்டா மாதிரி கீது."

"அக்கா, எல்லாரும் வெளிய வந்தாச்சா?"

"வந்தாச்சு. ஜான்சன் அண்ணன் மட்டும் இன்னான்னு பாக்கறேன்னு உள்ள போய்க்கீறாரு. சங்கு ஊதறதுக்கு முன்னாடியே போனாரு."

ஜான்சன் கம்ப்ரசர் ஆபரேட்டர். காலையிலிருந்து ஜெனரேட்டர் பழுதுபார்க்க ஆலைக்குப் பின்னால் இருந்தவர், விஷயம் கேட்டதும் நேராக அந்த அறைக்குத்தான் போயிருக்கிறார்.

"மாஸ்க் போட்டுகினு போனாரா?"

"கையில ஒண்ணியும் பாக்கலியே."

"முன்னூறு தாண்டிடுச்சுக்கா! யாரையாவது கூப்பிடச் சொல்லு, அவரால—"

சொல்லி முடிக்கும் முன்பே புரிந்துவிட்டது, இதைக் கேட்டால் அக்காவே உள்ளே ஓடுவாள் என்று. "நீ போவாத, நீ போவாதக்கா" என்று கத்தினாள். பதில் இல்லை. போன் மணலில் விழுந்த மாதிரி ஒரு சத்தம். பெண்களின் குரல்கள் தூரத்தில் எழுந்தன. யாரோ ஜான்சன் பேரைச் சொல்லி அழைத்தார்கள். சங்கு ஊதிக்கொண்டே இருந்தது.

பிரிசில்லா போனைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றாள். கீழே சாலையில் பஸ் ஒன்று ஹாரன் அடித்துப் போனது. சின்ன வயதில் பாடம் பண்ணிய வேதாகமச் சங்கீதத்தில் ஒரு வரியாவது சொல்லப் பார்த்தாள். முதல் சொல்லே வரவில்லை. திரையில் 318. 322. பட்டாபி தீயணைப்பு நிலையத்துக்கும் ஆம்புலன்சுக்கும் மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தார்.  நாலு நிமிஷம் என்று போன் பிற்பாடு காட்டியது. அவளுக்கு அது நாலு நிமிஷமாக இல்லை.

போனை யாரோ எடுத்தார்கள். இருமல். ஓயாத, வறண்ட இருமல்.

"அக்கா?"

"கீறேன்" என்றாள் ரெபேக்காள். "நான் உள்ள போவல. வாசப்படியாண்ட கவுந்து கெடந்தாரு. துணிய நனைச்சு மூக்குல கட்டிகினு நாலு பேரா இழுத்துகினு வந்தோம். மூச்சு கீது. வாயெல்லாம் நுரை."

பிரிசில்லா அதைப் பட்டாபியிடம் சொன்னாள்; அவர் ஆம்புலன்சுக்குச் சொன்னார்.

ஜான்சன் பிழைத்தார். ஆனால் நுரையீரல் வெந்திருக்கிறது, குணமாகப் பத்து நாளாவது ஆகும், அதற்குப் பிறகும் கம்ப்ரசர் வேலை வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். கசிந்தது ஒரு வால்வின் தேய்ந்த வளையத்தின் வழியே. பிரிசில்லா சாயங்காலம் மருத்துவமனைக்குப் போனபோது, ஜான்சனின் மனைவி கதவருகில் நின்றுகொண்டு அவள் கையைப் பிடித்து, "நீ போன் பண்ணலன்னா அத்தினி பேரும் போயிருப்பாங்கம்மா" என்றாள். பிரிசில்லாவால் அந்தக் கையிலிருந்து தன் கையை எடுக்கவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை.

ரெபேக்காள் வராந்தா பெஞ்சில் கண்ணில் ஈரத் துணியை வைத்துக்கொண்டு சாய்ந்திருந்தாள். தங்கை வந்து உட்கார்ந்ததும் துணியை எடுக்காமலே கேட்டாள்.

"உனக்கு எப்ப தெரிஞ்சுது?"

கேஸ் கசிந்தது எப்போது தெரிந்தது என்று கேட்கவில்லை. பிரிசில்லாவுக்கு அது புரிந்தது.

"பத்து நாப்பத்திரண்டுக்கு, திரை பொய்யின்னு."

"எங்களுக்குச் சொன்னது?"

"பதினொண்ணு ரெண்டு."

ரெபேக்காள் துணியைக் கண்ணில் இன்னும் அழுத்திக்கொண்டாள். "அந்த இருபது நிமிசம் இன்னா பண்ணிகினு இருந்தே?"

"நானே சரி பண்ணிடலாம்னு பாத்தேன். யாருக்கும் தெரியாம."

அக்கா துணியை எடுத்து அவளைப் பார்த்தாள். கண்கள் ரத்தமாகச் சிவந்திருந்தன. திட்டவில்லை. தலையில் கை வைக்கவும் இல்லை. எழுந்து குழாயடிக்குப் போய்த் துணியை நனைத்துப் பிழிந்துகொண்டு வந்து, அதே பெஞ்சில், ஓர் ஆள் இடம் விட்டு உட்கார்ந்தாள்.

மறுநாள் பிரிசில்லா அறிக்கை எழுதினாள். காலாவதியான ஃபைல் ஒன்று தங்கிவிட்டதால் கிளாஸ் மோதல் என்று ஒரே வரியில் முடித்துக்கொள்ளலாம் என்றார் பட்டாபி, பிறகு தானே, "வேண்டாம், முழுசா எழுது. அஞ்சு நிமிஷம்னு நான் சொன்னதையும் எழுது" என்றார். எழுதினாள். பத்து விநாடிக்கு மேல் புதிய அளவு வராவிட்டால் எண்ணே தெரியாமல் திரை சாம்பல் நிறமாகி ஆலைக்குச் சங்கு போகும்படி மாற்றினாள். அந்த நாலு வரியைத் திரும்பச் சேர்க்கவில்லை.

ஆலை ஒன்பதாம் நாள் திறந்தது. ரெபேக்காள் வேலைக்குப் போனாள். அன்று காலை முழுக்கப் பிரிசில்லா வேறெந்த வேலையையும் தொடாமல், கம்ப்ரசர் அறையின் வெப்பநிலை 30.9, 31.2, 31.0 என்று அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.