ஒரே டோக்கனுக்கு இரண்டு அழைப்பு

கண் ஆஸ்பத்திரியின் ஒலிபெருக்கி, பன்னிரண்டாம் டோக்கனைக் கூப்பிட்டது. பெரியவர் ஒருவர் உள்ளே போய்ச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு வந்து கண்ணை மூடி உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் அதே குரல் மறுபடி பன்னிரண்டைக் கூப்பிட, பாவம், தட்டுத்தடுமாறி மறுபடி உள்ளே போனார்.

டாக்டர் தன் தங்கைக்குப் போன் போட்டார். "என்னடி, ஒரே ஆளுக்கு ரெண்டு தடவை மருந்து விடப் பார்த்தேன்! ரெண்டு நாளா இதே கூத்து."

லினக்ஸ் கணினியில் அந்த அழைப்பு நிரலை அமைத்துக் கொடுத்தவளே தங்கைதான். கணினியைப் போட்டால் அதுவும் ஒரு 'சேவை'யாகப் பின்னணியில் தானாக ஓடத் தொடங்கிவிடும், நின்றாலும் தானே மறுபடி கிளம்பும். வந்து பார்த்தால், ஒன்று ஓட வேண்டிய இடத்தில் இரண்டு ஓடி, முன்னும் பின்னுமாக அதே டோக்கன்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தன. ஒன்றை நிறுத்தினாள், கண்மூடித் திறப்பதற்குள் மறுபடி முளைத்தது. மற்றதை நிறுத்தினாள், அடங்கியது. அப்பாடா என்று கணினியை அணைத்துப் போட்டால், மறுபடி இரண்டு! அமைப்புக் கோப்பில் ஒரு தடவைதான் எழுதியிருந்தது. கடைசியில் சேவையையே முடக்கிவிட்டுக் கணினியை மறுபடி தொடங்கினாள். அப்போதும் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.

"உன்னைத்தான் நிறுத்திட்டேனே, அப்ப நீ யாரு?" என்று திரையைப் பார்த்துக் கேட்டேவிட்டாள்.

அதைக் கிளப்பியது எது என்று தேடிப்போனாள். ரிசப்ஷன் பெண் லாகின் செய்ததும் தானாகத் திறக்கும் நிரல்களோடு இதுவும் இருந்தது.

"இதை யாரும்மா சேர்த்தது?"

"நான்தான் மேடம். அன்னைக்குக் குரலே வரல. உங்க வீட்டுக்காரர்தான் போன்ல சொல்லிக் கொடுத்தாரு."

கணவனுக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள். "ஆமா, சொன்னேன். அப்புறம் பார்த்தா ஸ்பீக்கர் ஒயர்தான் கழண்டிருக்கு. உடனே அதை எடுத்துடச் சொன்னேனே!"

"நான் பழைய ஒயரைல்ல எடுத்தேன்?" என்று விழித்தாள் ரிசப்ஷன் பெண்.

யாரைத் திட்டுவது என்றே தங்கைக்குப் புரியவில்லை. லாகினில் இருந்ததை நீக்கி, சேவையைத் திரும்ப இயக்கி, கணினியை மறுபடி தொடங்கினாள். ஒன்றே ஒன்று ஓடியது.

குரல் பதினேழைக் கூப்பிட்டது. ஒருவரும் எழவில்லை. நிரல் தப்பான எண்ணைக் கூப்பிட்டுவிட்டதோ என்று பதறித் திரையைப் பார்த்தாள், சரியாகத்தான் இருந்தது.

"பதினேழு யாருங்க?"

"நான்தாம்மா," என்றார் எதிரே இருந்த அம்மாள். "ரெண்டாவது தடவையும் கூப்பிடட்டும்னு உட்கார்ந்திருக்கேன்."