இரண்டாவது சாட்சி

காலை பத்தரைக்கு அந்தப் போன் வந்தபோது வக்கீலம்மா யாரோ ஒரு குடும்பத்து டிரஸ்ட் பத்திரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். பேசியது அச்சகக்காரரின் மகள்.

"மேடம், அப்பாவுக்கு நாளன்னைக்குத்தான் ஆபரேஷன்னு சொல்லியிருந்தாங்க. இப்ப திடீர்னு இன்னைக்கே ரெண்டு மணிக்குங்கறாங்க. உள்ள போறதுக்கு முன்னாடி உயில் சரியா இருக்கான்னு உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுடச் சொன்னார்."

"அதெல்லாம் பக்காவா இருக்கும்மா. எதுக்கும் எடுத்துப் பாத்துட்டுச் சொல்றேன்."

எடுத்துப் பார்த்ததே ஒரு மரியாதைக்குத்தான். பதினொரு வருஷமாக இரும்பு பீரோவில் தூங்கும் உயில். அச்சகம் மகனுக்கு, குடியிருக்கும் வீடு மகளுக்கு. மகன் முதல் மனைவிக்குப் பிறந்தவன். மகளோ, இரண்டாவது மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு ஆறு வயதில் அந்த வீட்டுக்குள் வந்தவள். அவர் பெற்றதுமில்லை, முறைப்படி தத்து எடுத்ததுமில்லை. அம்மா போன பிறகும் புருஷனோடு அங்கேயே இருந்து அவரைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்கிறாள். ஆனால் உயில் என்று ஒன்று இல்லாவிட்டால் சட்டத்தின் கண்ணில் அவள் வெறும் விருந்தாளி.

கடைசிப் பக்கத்தில் இரண்டு சாட்சிக் கையெழுத்துகள். முதலாவது அச்சகத்து மெஷின்மேன். இரண்டாவதை வக்கீலம்மா ஒரு முறை படித்தாள். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தாள்.

அது மகளின் புருஷன் கையெழுத்து.

அச்சகக்காரரைப் போன்ற கிறிஸ்தவர்களுக்கான வாரிசுச் சட்டத்தில், சாட்சியாகக் கையெழுத்துப் போட்டவருக்கோ அவருடைய மனைவிக்கோ உயில் எதை எழுதி வைத்தாலும் அது செல்லாது. தொழிலுக்கு வந்த முதல் வாரமே காதில் விழுகிற பாடம். மற்றதெல்லாம் நிற்கும், வீடு மட்டும் மகள் கையைவிட்டு நழுவி நேராக மகனிடம் போய்விடும்.

குமாஸ்தாவைக் கூப்பிட்டாள். முத்திரைத்தாள் கட்டு இல்லாமல் வெளியே கிளம்ப மாட்டார் என்பதால் கோர்ட்டு வட்டாரத்தில் அவருக்கு 'ஸ்டாம்பு' என்றே பெயர். பக்கத்தைப் பார்த்ததும் அவர் முகம் வெளிறியது.

"அன்னைக்கு உங்களுக்கு ஹைகோர்ட்ல கேஸும்மா. நீங்க எழுதிக் கொடுத்தீங்க, நான்தான் வீட்டுக்குக் கொண்டுபோனேன். ரெண்டாவது சாட்சிக்குச் சொல்லி வச்சிருந்த பக்கத்து வீட்டுக்காரர் வரல. மாப்பிள்ளை சும்மாதானே உக்காந்திருக்கார்னு..."

"திரும்பி வந்ததும் நான் பாக்கல," என்றாள் அவள். வந்த தாளை ஒரு தடவை புரட்டியிருந்தால் தீர்ந்திருக்கும் விஷயம்.

புது உயிலை அவளே தட்டச்சு செய்தாள். அச்செடுத்துக் கிளம்பும்போது பதினொன்றே முக்கால். காரில் ஸ்டாம்பு தயங்கித் தயங்கி ஆரம்பித்தார்.

"ஒண்ணு சொல்லட்டுமாம்மா? சும்மா புதுப்பிக்கறோம்னு சொல்லிக் கையெழுத்து வாங்கிடலாம். பழசைக் கிழிச்சுடுவோம். யாருக்கும் நஷ்டமில்ல. நம்ம பேரும் கெடாது."

அந்த யோசனை அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே தன் மனதிலும் வந்து உட்கார்ந்துவிட்டது என்பதுதான் அவளை உறுத்தியது. இரண்டு சிக்னல் தாண்டும்வரை அது அங்கேயே உட்கார்ந்திருந்தது. மூன்றாவது சிக்னலில் போனை எடுத்து, உயில் வழக்குகளில் பழம் தின்று கொட்டை போட்ட வேறொரு வக்கீலை அழைத்தாள். "ஒரு மணி வரைக்கும் போனை எடுக்கற தூரத்துல இருங்க சார்," என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடி. அறை வாசலிலேயே, இப்போது அச்சகத்தை நடத்தும் மகன் நின்றிருந்தான். உள்ளே மகள் அவருடைய காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். நர்ஸ் சொன்னாள்: "ஒரு மணிக்கு மாத்திரை கொடுத்துடுவோம். அப்புறம் தூக்கக் கலக்கம்தான், பேச வைக்காதீங்க."

மணி பன்னிரண்டு பத்து.

"கையில என்ன மேடம் பேப்பர்?" என்றான் மகன்.

"உங்க அப்பா விஷயம்."

"அச்சகத்துக்கும் நீங்கதானே வக்கீல்? எனக்குத் தெரியாம என்ன விஷயம்?"

"அதனாலதான் சொல்ல முடியாது. அவருக்கும் அச்சகத்துக்கும் சேத்து நான் வக்கீலா இருந்தது இன்னைக்கோட போதும். அச்சகத்து வேலைக்கு நாளைக்கே வேற ஆளைப் பாத்துக்குங்க."

அவன் முகம் சிவந்தது. "உடம்பு முடியாத மனுஷன்கிட்ட கையெழுத்து வாங்கறீங்க. நான் சும்மா விடமாட்டேன்."

"டாக்டரைக் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்கேன். அவர் பாத்துட்டு வேண்டாம்னா நான் திரும்பிப் போயிடறேன்."

மகளையும் வெளியே போகச் சொன்னாள். "நானுமா?" என்று கேட்ட குரலில் அடிபட்ட வலி இருந்தது. வக்கீலம்மா கதவைச் சாத்தினாள்.

டியூட்டி டாக்டர் வந்து தேதி, கிழமை, பிள்ளைகள் விவரம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அச்சகக்காரர் எல்லாவற்றையும் சரியாகச் சொல்லிவிட்டு, "உங்க சீட்டுல என் இனிஷியல் தப்பா அச்சாகியிருக்கு டாக்டர், அதைத் திருத்துங்க," என்றார். டாக்டர் சிரித்துக்கொண்டே, நோயாளி தெளிவாக இருக்கிறார் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

வக்கீலம்மா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள். யார் கையெழுத்து, சட்டம் என்ன சொல்கிறது, எந்த இடத்தில் தான் கோட்டை விட்டோம், இதற்காகத் தன்னிடமே நஷ்டஈடு கேட்க அவருக்கு உரிமை இருக்கிறது என்பது வரை.

அவர் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார். டிரிப்ஸ் சொட்டிக்கொண்டிருந்தது.

"பதினொரு வருஷம்," என்றார் கடைசியில். "நான் நேத்து செத்திருந்தா?"

"வீடு அவங்களுக்குக் கிடைச்சிருக்காது."

"நீங்க சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காது சார்."

"அப்புறம் ஏன் சொன்னீங்க?"

"உங்க உயில் சார். அதுல என்ன நடந்ததுன்னு உங்களுக்குத் தெரியணும். இப்ப என் பேச்சை மட்டும் நம்பி நீங்க கையெழுத்துப் போடக்கூடாது. வேற வக்கீல் ஒருத்தர் போன்ல இருக்கார். அவர்கிட்ட கேளுங்க. நான் வெளிய நிக்கறேன்."

"போடுங்க போனை," என்றார் அவர். குரலில் ஈவு இரக்கமில்லை.

நடையில் அவளும் மகனும் எதிரெதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றார்கள். இருவரும் ஒரே கடிகாரத்தைப் பார்த்தார்கள். மகள் ஜன்னலோரம் முதுகைக் காட்டி நின்றாள். நிமிஷ முள் ஏழு கட்டம் நகர்ந்தது. அவர் உள்ளே வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? அதைச் சொல்லவும் அவருக்கு உரிமை உண்டு.

உள்ளிருந்து கைதட்டும் சத்தம். போனாள்.

"அந்த ஆளும் நீங்க சொன்னதையேதான் சொன்னார். படிங்க."

படித்தாள். ஒரு வரி மட்டும் சேர்க்கச் சொன்னார்: வீட்டை மகளுக்குக் கொடுப்பது மகன்மேல் கோபத்தினால் அல்ல என்று. அதைக் கையாலேயே எழுதிச் சேர்த்தாள். மணி பன்னிரண்டு நாற்பது. இனிச் சாட்சிகள். நர்ஸுகள் கையெழுத்துப் போடக்கூடாது என்பது ஆஸ்பத்திரி விதி. ஸ்டாம்பு வெளியே ஓடினார். வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக அவர் ஓடியதில்லை.

பத்து நிமிஷத்தில் லிஃப்ட் ஆபரேட்டரும், அடுத்த அறையில் அக்காவைப் பார்க்க வந்த ஒரு டீச்சரும் உள்ளே வந்தார்கள். வக்கீலம்மா இரண்டு பேரையும் குடைந்தெடுத்தாள். "இந்தக் குடும்பத்துக்கு நீங்க சொந்தமா? தெரிஞ்சவங்களா? இவங்ககிட்ட வேலை பாத்திருக்கீங்களா?"

"அம்மா, நான் மேலயும் கீழயும் போறவன். எனக்கு யாரையும் தெரியாது," என்றார் லிஃப்ட்காரர்.

சாப்பாட்டு மேஜையைக் கட்டிலுக்கு மேலே இழுத்தார்கள். ஊசி குத்திய கையால் எழுதத் தொடங்கினார். பாதி எழுத்தில் பேனா நின்றது. யாரும் அந்தக் கையைத் தொடவில்லை, தொடவும் கூடாது. அவர் மூச்சை இழுத்துவிட்டு மீதி எழுத்துகளையும் போட்டு முடித்தார். அவர் பார்க்க, இரண்டு சாட்சிகளும் ஒருவர் முன் ஒருவர் கையெழுத்திட்டார்கள். கடைசிக் கையெழுத்தின் மை காய்வதற்குள் நர்ஸ் மாத்திரையோடு வந்துவிட்டாள்.

வாசலில் ஸ்டாம்பு, "பழசு?" என்று கிசுகிசுத்தார்.

"அது ஃபைல்லயே இருக்கும். நான் என்ன சொன்னேன், எத்தனை மணிக்குச் சொன்னேன்னு எழுதி அதோட சேத்து வைக்கப் போறேன்," என்றாள்.

அச்சகக்காரர் பிழைத்துக்கொண்டார். அச்சகத்து வேலை மறுநாளே அவள் கையைவிட்டுப் போனது. வக்கீல்களின் பிழைக்கு நஷ்டஈடு தரும் காப்பீட்டுக் கம்பெனிக்குத் தன் தவறை எழுத்தில் தெரிவித்தாள். ஸ்டாம்பு வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கிய முப்பத்தெட்டு உயில்களையும் இரண்டு பேருமாக உட்கார்ந்து வரி விடாமல் பார்த்தார்கள். இன்னும் இரண்டில் கோளாறு இருந்தது. ஒரு குடும்பம் நன்றி சொன்னது. இன்னொரு குடும்பம் வாயில் வந்தபடி ஏசிவிட்டு ஃபைலை வாங்கிக்கொண்டு போனது.

நான்கு மாதம் கழித்து அச்சகக்காரர் ஆபீசுக்கு வந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். போனில் பேசிய அந்த வக்கீலிடமே இனிப் போகப் போவதாகச் சொன்னார்.

"கோபமா சார்?"

"அன்னைக்கு இருந்துச்சு. இப்ப இல்ல." நெஞ்சைத் தடவிக்கொண்டார். "ஆனா இனிமே நீங்க எதைக் கொடுத்தாலும் நான் பூதக்கண்ணாடி வச்சுப் பாப்பேன். எழுத்துப் பிழை பாத்தே என் பாதி ஆயுசு போச்சு வக்கீலம்மா. மீதியிலயாவது கொஞ்சம் நிம்மதியா இருக்கறேனே."

ஃபைலை இரண்டு கைகளாலும் எடுத்துக் கொடுத்தாள். பெற்றுக்கொண்டதற்கு அவர் கையெழுத்திட்டார். இந்த முறை பேனா நடுவில் நிற்கவில்லை.

"பொண்ணு கீழ வண்டியில இருக்கா," என்றார் எழுந்துகொண்டே. "மாப்பிள்ளை கையெழுத்து விஷயத்தை அவகிட்ட நான் இன்னும் சொல்லல. இன்னைக்கு வீட்டுக்குப் போற வழியில சொல்லப் போறேன்."

ஸ்டாம்பு அவருக்குத் துணையாகப் படியிறங்கினார். வக்கீலம்மா காலியான நாற்காலியை நேராகப் போட்டுவிட்டு, வெளியே காத்திருந்த அடுத்த குடும்பத்தை உள்ளே வரச் சொன்னாள்.