ஆர்வோவின் ஆரஞ்சு லாரி

என் மச்சான் ஆர்வோ இந்த ஊர்ச் சாலைகளில் பனி வழித்தே கிழவரானவர். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு வழியனுப்பு விருந்து. மறுநாளே அரிசோனாவுக்குக் குடிபோகிறார். அவர் ஓட்டிய ஆரஞ்சு லாரியைப் பிளாஸ்டிக்கில் முழம் நீளத்துக்குச் செய்து கொடுக்க வேண்டும் என்று அவர் தங்கை, அதாவது என் மனைவி மார்லிஸ், ஒற்றைக்காலில் நின்றாள்.

கடையில் வாங்கிய பொம்மை லாரிப் பாகங்களைச் சோப்புத் தண்ணீரில் கழுவி ஒட்டினாள். அதன்பிறகு வெறுங்கையால் தொட விடவில்லை. குளிரில் பெயிண்ட் ஸ்ப்ரே டப்பா திட்டுத்திட்டாகத் துப்பும் என்று வெந்நீர்ச் சட்டியில் வைத்துச் சூடேற்றினாள். மர ஆலையிலிருந்து அலுத்து வந்த நான், என் பங்குக்கு கராஜ் மேசையைத் துடைத்து வைத்தேன்.

அவள் அடித்த ஆரஞ்சு பெயிண்ட் லாரியில் நிற்கவில்லை. அம்மைத் தழும்புபோல் குழி குழியாக விலகி ஓடியது.

"மேசையில என்ன அடிச்ச?"

"பளபளன்னு இருக்கட்டுமேன்னு, அந்த நாற்காலிக்கு அடிக்கிற மெழுகு..."

"அந்த எண்ணெய்ப்பசை பட்டா பெயிண்ட் எங்க நிக்கும்? நீ மரம் தூக்கத்தான் லாயக்கு."

"மரம் என்னைத் திட்டாதும்மா."

லாரியை ஸ்பிரிட்டில் ஊறப்போட்டு, பழைய பல் பிரஷ்ஷை என் கையில் திணித்தாள். நிறமெல்லாம் போகும்வரை தேய்த்தேன். மேசையை வெளியே தள்ளிவிட்டு, சனிக்கிழமை மறுபடி அடித்தாள். லாரிக்கு முன்னாலேயே ஸ்ப்ரேயைத் தொடங்கி, அதைத் தாண்டிப் போய் நிறுத்தி, மூச்சுப் பட்டதுபோல் மெல்லிசாக, ஒரு பூச்சு காய்ந்தபின் அடுத்தது.

ஞாயிறு மதியம் முகர்ந்து பார்த்தாள். "வாசனை போகல. உள்ள காயல."

"தபால்ல அனுப்பிக்கலாமே."

"அண்ணன் மூஞ்சிய நான் பாக்க வேணாமா?"

விருந்து நடந்த சர்ச் கூடத்தில், வந்தவர்களிடமெல்லாம் லாரியைத் தொடாதீர்கள் என்று சொல்லிவைத்தாள். கடைசியாக வந்த ஆர்வோவிடம் சொல்வதற்குள் அவர் லாரியைத் தூக்கிவிட்டார்.

"ஏ தங்கச்சி, இவ்வளவு சுத்தமா நான் வண்டிய வச்சிருந்ததே இல்லியே."

கட்டைவிரல் நகர்ந்தது. லாரியின் கதவில் ரேகை அப்படியே பதிந்திருந்தது. மார்லிஸ் கையை நீட்டினாள்.

"குடுண்ணே. தேச்சு அடிச்சு அனுப்புறேன்."

"தரமாட்டேன். ரேகை பதிஞ்சாச்சு, இனி எவனும் இது என் வண்டி இல்லைன்னு சொல்ல முடியாது."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "அப்ப கீழ வைக்காத. மேசையும் ஒட்டிக்கும்."

விருந்து முடியும்வரை அவர் இடது கையிலிருந்து லாரியை இறக்கவில்லை. அவர் தட்டில் இருந்த இறைச்சியை நான்தான் வெட்டிக் கொடுத்தேன்.