உயிரோடு இருப்பவரின் மேற்கோள்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. ஃபேரர் பார்க் பக்கம் ஒரு சாயாக் கடையில் துறைமுகக்காரர்கள் சொல்லிச் சிரித்தது: "வாத்தியாரு கோர்ட்டுல செத்து, அங்கேயே பொழைச்சாரு லா." விசாரித்தேன். பாதிதான் கிடைத்தது. மீதியைக் கட்டியது நான்.

முதலில் எழுதிய தொடக்கம்: 'ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டு. புக்கிட் தீமா மேட்டில் மழை மெல்ல...' வேண்டாம். மழையில் மூட்டை தூக்கிய துறைமுகக்காரன் மழையை வைத்துக் கதை தொடங்கமாட்டான்.

2

விஸ்வலிங்கம் பல்கலைக்கழகத்தில் சட்டம் சொல்லிக்கொடுப்பவர். யாழ்ப்பாண வழிக் குடும்பம். வேலை ஒப்பந்தத்தில். ஐந்து வருஷமாகக் கட்டுரை எழுதினார். அச்சாயிற்று, அதோடு சரி. ஒருவரும் மேற்கோள் காட்டவில்லை. புலத் தலைவர் நேராகவே சொல்லிவிட்டார்: உங்கள் எழுத்தை வெளியில் யாராவது எடுத்தாண்டால்தான் ஒப்பந்தம் நீளும்.

கங்காணி பிடித்துவந்த கூலிக்கு அடிபட்டால் பொறுப்பு யாருடையது? கம்பெனியுடையது என்று ஒரு கட்டுரையில் நிறுவியிருந்தார்.

(அவரை ஏழைபங்காளராகக் காட்டி ஒரு பத்தி எழுதினேன். அடித்துவிட்டேன். சட்டத்தில் ஓர் ஓட்டை அவர் கண்ணில் பட்டது, எழுதினார். அவ்வளவுதான்.)

3

கிரேன் சங்கிலி அறுந்து, கங்காணி துறைமுகத்துக்குக் கொண்டுவந்த கூலி கோவிந்தசாமியின் வலது கை போயிற்று. கம்பெனி கையை விரித்தது. வக்கீல் சேக் தாவூது அந்தக் கட்டுரையை நம்பி வழக்காட வந்தார். கேள்விப்பட்ட விஸ்வலிங்கம் இருந்த ஒரே கோட்டை மாட்டிக்கொண்டு கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

அந்தக் கால நீதிமன்றங்களில் ஒரு வழக்கம். எழுதியவர் இறந்திருந்தால்தான் அவர் கருத்தைப் பெயர் சொல்லிக் காட்டலாம். உயிரோடிருப்பவன் நாளைக்கே மனம் மாறிவிடுவானாம்.

"எழுதியவர் இறந்துவிட்டாரா?" என்றார் நீதிபதி.*

"போன மாதம் காலமானார், ஐயா."

தாவூது பொய் சொல்லவில்லை. பத்திரிகையில் வி. விஸ்வலிங்கம் மரண அறிவிப்பு வந்திருந்தது. செத்தது அதே பெயரும் அதே முதலெழுத்தும் உள்ள ஒரு ரயில்வே கிளார்க். அப்பா பெயரின் ஒற்றை எழுத்தோடு நிறுத்திக்கொள்கிறோமே, அதனால் வந்த வினை.

நீதிபதி பேனாவைத் திறந்தார். வாயை மூடிக்கொண்டிருந்தால் தீர்ப்பில் பெயர் ஏறும், வேலை நிலைக்கும். பின்னால் குட்டு உடைந்தால் தீர்ப்பே ஆட்டம் காணும். இப்போதே எழுந்தால் கட்டுரை போகும். கோவிந்தசாமியின் வழக்கும்...

*பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது. தமிழ் என்னுடையது.

4

முடிவு ஒன்று: அவர் உட்கார்ந்தே இருக்கிறார். பெயர் ஏறுகிறது. அப்புறம் வாழ்நாளெல்லாம்... (இதற்குக் கை வரவில்லை.)

முடிவு இரண்டு: எழுந்தார்.

"மன்னிக்க வேண்டும், ஐயா. அந்த விஸ்வலிங்கம் நான்தான். சாகவில்லை."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "அப்படியானால் உங்கள் பெயர் இங்கே வரக்கூடாது." பேனாவை மூடினார். தாவூதுக்கு முகம் வெளுத்துவிட்டது.

நீதிபதி அவர் பக்கம் திரும்பினார். "அதே நியாயத்தை உங்கள் சொந்த வாதமாகச் சொல்ல வேண்டியதுதானே? அதற்கு யார் தடை?"

தாவூது சொன்னார், கட்டுரையின் வரிசை மாறாமல். மதியத்துக்குள் தீர்ப்பு: கம்பெனியே பொறுப்பு. விஸ்வலிங்கத்தின் பெயர் ஓரிடத்திலும் இல்லை.

5

வெளியே படிக்கட்டில் கோவிந்தசாமி வழிமறித்தார். "நீங்க எந்திரிச்சதும் நம்ம கேசு அவ்ளோதான்னு நெனச்சேன் சார். இந்தாளு செத்தே இருந்திருக்கக் கூடாதான்னு மனசுக்குள்ள திட்டிட்டேன்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்," என்றார் விஸ்வலிங்கம்.

"செத்தவர் வீட்டுக்கு மலர்வளையம் வேற அனுப்பினேன் சார்," என்றார் தாவூது.

"அந்த மனுசனுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும், விடுங்க," என்றார் கோவிந்தசாமி.

மூவரும் சிரித்தார்கள். வீட்டில் மனைவி குணவதி கதையை முழுதாகக் கேட்டுவிட்டுத் தட்டை எடுத்தாள். "செத்த ஆளுக்குச் சோறு போடலாமோ?"

"போடும். ரெண்டு கரண்டி கூடப் போடும்."

ஐந்து வருஷத்தில் அப்படிச் சாப்பிட்டதில்லை. கை கழுவியவர் அப்படியே பாயில் சாய்ந்தார்.

ஒப்பந்தம் நீண்டதா? சாயாக் கடையில் சொன்னார்கள். நான் எழுதப்போவதில்லை. நாளைக் காலை புலத் தலைவர் கேட்பார்: உங்களை எடுத்தாண்டவர் யார்? விஸ்வலிங்கத்துக்குப் பதிலாக நீங்கள் போய்ப் பதில் சொல்லுங்கள். இப்போது அவரை எழுப்பாதீர்கள். குறட்டை விடுகிறார்.