நகப் போலீஸ்

லாரியைக் கழுவி முடித்த பிறகும் அவன் குழாயடியை விட்டு வரவில்லை. டயர் இடுக்கில் ஒட்டியிருந்த சேற்றைக் குச்சியால் நோண்டிக்கொண்டிருந்தான். வாசலில் இருந்து மச்சினி கத்தினாள்.

"அந்த டயரை மடியில வச்சுக் கொஞ்சிட்டு மெதுவா வாங்க மாமா! இங்க அக்கா கேட்டுக்கிட்டே கெடக்குறா."

"என்ன கேக்குறா?"

"வேற என்ன கேப்பா? பலூன் நின்னுச்சான்னுதான்."

நிற்கவில்லை. நேற்று விடியற்காலையில் ஏறியது, பாதி வானத்துக்குப் போவதற்குள் கிழிந்து தொங்கிவிட்டது. பலூன் இறங்குகிற இடத்தைத் தேடிப் போய், கருவிப் பெட்டியையும் பாலித்தீனையும் அள்ளி வருவது அவன் வேலை. பலூனுக்கான பாலித்தீனைச் சூடுபோட்டு ஒட்டுவது அவன் பெண்டாட்டியின் வேலை. "நான் ஏத்தி விடுறேன், இவரு எடுத்துட்டு வர்றாரு. நடுவுல நடக்குறதுதான் விஞ்ஞானம்" என்று சொல்லிச் சிரிப்பாள்.

நடுவில் நடப்பதை அவர்களுக்கு விளக்கியவர் பெரிய விஞ்ஞானி. பலூன் ஒட்டும் கொட்டகையில் அவருக்குத் தூக்கக்காரர் என்று பெயர். எப்போது பார்த்தாலும் சூரியன் தூங்குகிறான் என்பார். சூரியன் முழித்திருந்தால், தொலைதூர நட்சத்திரங்களில் இருந்து வரும் துகள்களில் வேகம் குறைந்ததை எல்லாம் வாசலிலேயே ஊதித் தள்ளிவிடுவானாம். அவன் அசந்து தூங்கும்போதுதான் அவை உள்ளே நுழையுமாம். அந்தச் சமயம் பெட்டியைக் காற்றுக்கு மேலே கொண்டு போய் நிறுத்தினால், வருவது இரும்பா, ஹீலியமா, எது என்ன வேகத்தில் வருகிறது என்று அது கணக்கெடுத்துக்கொள்ளும். பத்துப் பதினோரு வருஷத்துக்கு ஒருதரம்தான் அந்தத் தூக்கம். அது கலைகிற நேரமும் வந்துவிட்டது. மிச்சம் இருப்பது ஒரே ஒரு பலூன். கிழிந்த பலூனும் அதுவும் ஒரே சுருளில் வெட்டிய பாலித்தீன் தாள்.

அவன் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனான்.

முன்னறைக் கட்டிலில் அவள் கிடந்தாள். உடம்பு வற்றிப்போய், கை மட்டும் வீங்கியிருந்தது. போர்வை மேல் கிடந்த விரல்களில் நகம் நீளமாக வளர்ந்து சிவப்புச் சாயம் பூசியிருந்தது. மச்சினியின் வேலை. வேலைக்குப் போன காலத்தில், கொட்டகை வாசலில் நின்றுகொண்டு ஒருத்தி விடாமல் கையை நீட்டச் சொல்வாள் அக்காக்காரி. பலூன் தாள் வெங்காயத் தோலைவிட மெல்லிசு. கழிவுத் தாள் ஒன்றை இழுத்துப் பிடித்து, அதன்மேல் ஒவ்வொருத்தி நகத்தையும் ஓட்டிப் பார்ப்பாள். மாட்டினால், போய் வெட்டிவிட்டு வா. அதனால்தான் நகப் போலீஸ். போலீஸ் படுத்த படுக்கையானதும் தங்கைக்காரி சாயப் புட்டியோடு உட்கார்ந்துவிட்டாள். "ரிட்டயர் ஆயிட்டே இல்ல, இனிமேலாவது பொம்பளையா இரு" என்றாள். அவளும் சிரித்துக்கொண்டே விரலை நீட்டினாள்.

"நின்னுச்சா?"

"நின்னுச்சு. ராத்திரி பூரா நின்னுச்சு."

அவள் தலையைத் திருப்பி, வாசலில் ஈரமாக நின்ற லாரியைப் பார்த்தாள்.

"ராத்திரி பூரா நின்னிருந்தா மலை தாண்டில்ல போயிருக்கும். போய்ச் சேரவே ரெண்டு நாளாகும். நீங்க எப்படி இன்னிக்கே வந்து வண்டி கழுவுறீங்க?"

எல்லாவற்றையும் யோசித்தவன் தூரத்தை யோசிக்காமல் விட்டுவிட்டான். வண்டி ஓட்டுகிறவன்.

"எங்க கிழிஞ்சிது?"

அவன் கை தானாகச் சட்டையைத் தொட்டது.

"நீங்க பார்க்காம வந்திருக்க மாட்டீங்க. கொண்டாங்க."

சட்டைக்குள் இருந்து ஒரு துண்டுத் தாளை எடுத்தான். நேற்று பலூன் விழுந்த இடத்தில் கிழிசல் எங்கே தொடங்கியது என்று தேடியபோது, ஒட்டின் கடைசியில் மூலை மடித்து ஒட்டிய நாடா தெரிந்தது. அப்படி மடிப்பது அவள் ஒருத்திதான். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் கத்தியால் அந்த இடத்தை மட்டும் அறுத்து எடுத்துக்கொண்டான். மற்றதையெல்லாம் ஒப்படைத்துவிட்டான்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு தாளைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மெல்ல இழுத்தாள். ஒரு இடத்தில் கை நின்றது. திரும்பவும் இழுத்தாள். அங்கேயே நின்றது.

"ஒட்டு நல்லாத்தான் இருக்கு. பக்கத்துல கீறியிருக்கு." கண்ணைத் திறந்தாள். "வேலைக்குப் போன கடைசி வாரம் நகவெட்டிய அமுக்க வரல. விரலெல்லாம் வீங்கிக் கெடந்துச்சு. யாருகிட்டயும் சொல்லல."

"என்னைக் கேட்டிருக்கலாம்ல?"

"சொன்னா வேலைக்கு விட்டிருப்பீங்களா? இந்தப் பலூனை நான் ஒட்டணும்னு இருந்துச்சு. அடுத்த தூக்கத்துக்கு நான் எங்க இருக்கப் போறேன்."

மச்சினி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இதக் கொண்டுபோய் தூக்கக்காரருகிட்ட குடுங்க. தாளு மேல தப்பில்ல, நகம்னு சொல்லுங்க. இல்லேன்னா பயந்துக்கிட்டு அந்தப் பலூனையும் விடமாட்டாரு. அதுக்குள்ள சூரியன் முழிச்சுக்குவான்."

"உன் பேரைக் கெடுக்கவா நான் இதை அறுத்துட்டு வந்தேன்?"

"பேரு என்ன பேரு. மேல போகும்போது கையில புடிச்சுக்கிட்டா போகப்போறேன்?" மூச்சு வாங்கியது. விரல்களை விரித்துப் பார்த்தாள். "இதையும் வெட்டி விடுங்க."

"காலைல வெட்டுறேன். இப்ப தூங்கு."

சாயங்காலம் மச்சினி தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். தண்ணீர் உள்ளே இறங்காமல் கடைவாயில் வழிந்தது.

மறுநாள் காலையில் கொட்டகைப் பெண்கள் எல்லோரும் வந்தார்கள். சுவரோரமாக நின்றார்கள். ஆளாளுக்குத் தன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பலூன் கிழிந்ததில் இருந்து ஒருத்தியும் தூங்கவில்லை என்று முகமே சொன்னது. தூக்கக்காரர் கடைசியாக வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நல்லவேளை, கிழிஞ்சது அவங்களுக்குத் தெரியாம போச்சு."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவர் நினைப்பை அப்படியே விட்டுவிடலாம் என்று இருந்தது. தாள் மார்பில் வியர்வையோடு ஒட்டிக் கிடந்தது.

"இன்னொண்ணை எப்ப விடுறீங்க சார்?"

"விடல. அதுவும் அதே சுருள்தானே? காரணம் தெரியாம எப்படி விடுறது? அடுத்த தடவைதான். அப்ப நான் வேலைல இருக்க மாட்டேன்."

அவன் சட்டைக்குள் கைவிட்டு எடுத்து அவர் மடியில் வைத்தான்.

"தாளு நல்ல தாளு சார். நகம். அவ நகம். அவளே தடவிப் பார்த்துச் சொன்னா."

சொன்னது எல்லோர் காதிலும் விழுந்தது. தூக்கக்காரர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். சுவரோரம் நின்றவர்களில் மூத்தவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"எங்க கையெல்லாம் பார்த்தியே, உன் கைய ஒருத்தியும் பார்க்கலையேடி!"

வெளியே அமரர் ஊர்தி வந்து நின்ற சத்தம் கேட்டது.

அவன் எழுந்து அலமாரியில் இருந்து நகவெட்டியையும் ஒரு தீப்பெட்டியையும் எடுத்து வந்தான். கட்டிலோரம் உட்கார்ந்து அவள் கையைத் தன் தொடையில் வைத்துக்கொண்டான்.

"வேணாம் மாமா" என்றாள் மச்சினி. "அழகா இருக்குல்ல. அப்படியே போகட்டும்."

"நேத்தே வெட்டச் சொன்னா."

அவன் வெட்ட ஆரம்பித்தான். மச்சினி குனிந்து, தரையில் விழுந்த சிவப்புத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.

பத்து விரலும் வெட்டியானது. தீப்பெட்டியின் சொரசொரப்பில் ஒவ்வொரு நகத்தின் விளிம்பையும் தேய்த்தான். அப்புறம் ஒவ்வொரு விரலாக எடுத்துத் தன் கன்னத்தில் மெல்ல இழுத்துப் பார்த்தான். விரல் சில்லென்று இருந்தது.

"எடுக்கலாமா?" வாசலில் இருந்து யாரோ கேட்டார்கள்.

சுண்டுவிரல் லேசாக மாட்டியது.

"இருங்க" என்று சொல்லிவிட்டு அவன் மறுபடியும் தேய்க்க ஆரம்பித்தான்.