திசை எழுதாத அம்பு

1

கண்டியில் நான் வாடகைக்கு இருந்த அறையின் சுவரில் ஒரு பென்சில் அம்பு இருந்தது. வடக்கு என்று நினைத்தேன். வடக்கே தலைவைக்கக் கூடாதே என்று கட்டிலைத் திருப்பி, கிழக்கே தலைவைத்தேன். மூன்று மாதம் நல்ல தூக்கம். பிறகுதான் அம்பின் விஷயம் தெரிந்தது. அந்தத் தவறிலிருந்து வந்தது இந்தக் கதை.

2

முதல் தொடக்கம்: 1934ஆம் ஆண்டு, மலைகள் சூழ்ந்த கண்டி மாநகரிலே

(வேண்டாம். மலைகள் இந்தக் கதையில் எதுவும் செய்யப்போவதில்லை.)

இரண்டாவது: மக்கீனின் பிளான் மூன்றாவது தடவையும் திரும்பி வந்தது.

இது நிற்கும்.

மக்கீனுக்குப் பிலிமத்தலாவையில் புடவைக்கடை. வாடகைக் கட்டடம். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் காலிசெய்ய வேண்டும். அதற்குள், அவரும் மூத்த சகோதரி கைரியாவும் கண்டியில் வாங்கிய காணியில் மூன்று கடைகள் எழுந்தாக வேண்டும்.

கட்டட அனுமதி கொடுக்கும் கந்தோர் முதல் தடவை, மழைத்தண்ணீர் ஓடக் கான் எங்கே என்று கேட்டது. வரைந்தார். அடுத்த தடவை, யன்னல் போதாது என்றது. வரைந்தார். இப்போது ஒரே வரி: ‘திசைக்குறி இல்லை.’

(எந்தக் கந்தோர் என்று கேட்காதீர்கள். கதைக்காக நான் கட்டியது. அதற்கு நான் அனுமதி வாங்கவில்லை.)

3

மக்கீனுக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவுதானா? புடவை மூட்டையோடு ஊர் ஊராகத் திரிந்த காலத்தில், தங்கிய ஒவ்வோர் அறையிலும் அவர் முதலில் செய்தது சுவரில் ஓர் அம்பு போடுவதுதான். தொழுகைக்கு. கிப்லாவை நோக்கி. கண்டியிலிருந்து மக்கா மேற்கே.

காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். பிளானிலும் அதையே போட்டார்.

(என் அறை அம்பும் அதுதான். நான் கிழக்கு என்று தலைவைத்தது அசல் வடக்கு.)

அனுமதி முத்திரை விழுந்தது. அன்று பஸ்ஸில் பக்கத்தில் இருந்த எல்லோரும் அந்த முத்திரையைப் பார்க்க வேண்டியதாயிற்று.

4

கொத்தனார் காளிமுத்து அத்திவாரம் போட்டு முடித்த காலை, கட்டடத்தைச் சரிபார்க்கக் கந்தோரிலிருந்து ஓவசியர் கணபதி திசைகாட்டியுடன் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். (இவரைக் கெட்டவராக்க நினைத்திருந்தேன். ஆனால் வேட்டி சேறாவதைப் பார்க்காமல் குந்தி இருந்து அளந்தார். கெட்டவர் அவ்வளவு மினக்கெட மாட்டார்.)

“பிளானிலை வாசல் தெற்கு. தெருவும் தெற்கு. இஞ்சை ரெண்டும் கிழக்கிலை கிடக்கு.”

“அப்ப தெருவத் தூக்கி அந்தப் பக்கம் வச்சிரலாங்களா, ஐயா?” என்றார் காளிமுத்து.

“பகிடி விடாதையும். அத்திவாரத்தைக் கிண்டோணும். இல்லாட்டிப் புதுப் பிளான் குடுக்கோணும். மூண்டு மாசம்.”

பெருநாளுக்கு ஆறு கிழமைதான் இருந்தது. அந்தக் கணத்தில் மக்கீனின் கண்கள்

(கண்களை விடுவோம். அவர் செங்கல் குவியலில் உட்கார்ந்தார்.)

“அது வடக்கில்ல, ஓவசியர் ஐயா. கிப்லா.”

சோற்றுக் கூடையோடு வந்திருந்த கைரியா பிளானை வாங்கிப் பார்த்தாள்.

“தம்பி, அம்புல வடக்கெண்டு எழுதினியா?”

“இல்ல, றாத்தா.”

“அப்ப அம்புல பிழ இல்ல. படிச்ச ஆள்லதான் பிழ.”

கணபதி பிளானை வாங்கிக் கீழே விரித்தார். திசைகாட்டியை மறுபடி வைத்தார். அம்பை மேற்கு என்று கொண்டால் வாசல் கிழக்கு, தெரு கிழக்கு. எல்லாம் அததன் இடத்தில் இருந்தன.

“ஓம். பிளான் சரிதான். வடக்கு ஒண்டுதான் இல்லை.” பிறகு சிரிக்கத் தொடங்கியவர் நிறுத்தவில்லை. “வாங்கோ, கந்தோர் இஞ்சினியரிட்டைப் போவம்.”

“மொதல்ல சோறு,” என்றாள் கைரியா.

5

பிளான் இப்போது இஞ்சினியரின் மேசையில் இருக்கிறது. மக்கீனின் அம்பருகே கைரியாவின் கையெழுத்தில் ‘கிப்லா’. பக்கத்தில் கணபதி போட்ட இன்னோர் அம்பு, ‘வடக்கு’. திருத்தத்தை ஏற்று இஞ்சினியர் கையொப்பம் இட்டால் போதும்.

முடிவு ஒன்று: அவர் சிரித்து, ஒப்பமிடுகிறார்.

முடிவு இரண்டு: அவர் சிரிக்காமல் ஒப்பமிடுகிறார்.

மூன்றாவதும் உண்டு. எழுதப் பார்த்தேன், கை வரவில்லை.

எதையும் நான் தேர்ந்தெடுக்க முடியாது. கட்டியவனே தன் பிளானுக்கு அனுமதி கொடுப்பது எந்தக் கந்தோரிலும் செல்லாது. இஞ்சினியருக்கு நான் பெயர் வைக்காததும் அதனால்தான். கதிரை காலியாக இருக்கிறது. உட்காருங்கள்.

அதிகம் யோசிக்காதீர்கள். அங்கே காளிமுத்து காத்திருக்கவில்லை. சுவரில் மூன்றாம் வரிசைச் செங்கல் ஏறிவிட்டது.

ஒப்பம்: ........................